மழையே பெய்யல, ஆனா தண்ணி வந்துச்சு: அணைப் பக்கம் போகும்போது தெரிஞ்சுக்க வேண்டியவை

(ஒலிவடிவத்திலிருந்து எழுத்துக்கு மாற்றப்பட்டு, சற்றே சுருக்கித் திருத்தப்பட்டது. பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



ஆடி மாசம் வந்தாச்சு. ஆடிப்பெருக்குக்கு மேட்டூர் போலாமா, ஒகேனக்கல் போலாமா, பவானிசாகர் போலாமான்னு உங்க வாட்ஸ்அப் குரூப்ல இந்நேரம் பேச்சு ஓடிட்டிருக்கும். நானும் இப்படிப் பல பிளான் போட்டவன்தான். அதனால இன்னைக்கு "போகாதீங்க"ன்னு சொல்ல வரல. போங்க. எப்படிப் போறதுங்கறதப் பத்தித்தான் பேசப்போறேன்.

முதல்ல ஒரு கதை. இதை நான் இதுவரைக்கும் பொதுவில சொன்னதில்லை. காரணம் வெட்கம்தான்.

பாறை மேல ஆறு பேர்

சென்னையில வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். நாங்க ஆறு பேர், ஒரு சனிக்கிழமை, ரெண்டு கார். மேட்டூருக்குக் கீழே காவிரியில ஒரு இடம். ஊர் பேர் வேண்டாம். சொன்னா அடுத்த வாரமே நீங்க அங்க நிப்பீங்க. மேட்டூர்ல இருந்து பவானி வரைக்கும் காவிரியில வரிசையா கதவணைகள் இருக்கு. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டைன்னு ஒவ்வொண்ணுலயும் ஒரு நீர்மின் நிலையம். அப்படி ஒரு கதவணைக்குக் கீழ்ப் பக்கம்தான் நாங்க போனது.

தண்ணி கம்மியா இருந்துச்சு. கணுக்கால், சில இடத்துல முழங்கால். பாறை பாறையாத் தாண்டி, கரையில இருந்து ஒரு முப்பது மீட்டர் உள்ள போய், பெரிய பாறை ஒண்ணு மேல உட்கார்ந்துட்டோம். புளூடூத் ஸ்பீக்கர்ல பாட்டு. பிரியாணி பொட்டலம். வானம் அவ்வளவு தெளிவு. சாயங்காலம் அஞ்சு, அஞ்சரை இருக்கும். போட்டோவுக்கு அருமையான வெளிச்சம்.

கரையில இருந்து ஒரு பெரியவர் கையை ஆட்டிக் கூப்பிட்டார். பக்கத்துல பரிசல் கவிழ்த்து வச்சிருந்துச்சு. எங்க குரூப்ல ஒருத்தன், "பரிசல் சவாரிக்குக் கூப்பிடறார்டா, வேணாம்னு சொல்லு"ன்னான். நாங்களும் சிரிச்சுக்கிட்டே கையை ஆட்டி வேணாம்னு சொன்னோம். அவர் மறுபடி கத்தினார். ஸ்பீக்கர் சத்தத்துல ஒண்ணும் கேட்கல.

அப்புறம் ஒருத்தனோட செருப்பு மிதந்து போச்சு. பாறையோட அடிவிளிம்புல கழட்டி வச்சிருந்தது. அதைப் பார்த்துச் சிரிச்சோம். அடுத்த நிமிஷம் திரும்பிப் பார்த்தா, நாங்க தாண்டி வந்த பாறைங்கள்ல பாதியைக் காணோம். தண்ணி பழுப்பா மாறியிருந்துச்சு. சருகும் குச்சியுமா மிதந்து வருது. சத்தமே மாறிடுச்சு. அதுவரைக்கும் சலசலன்னு இருந்தது, இப்ப அடித்தொண்டையில உறுமற மாதிரி.

அந்தப் பெரியவர் பரிசலைத் தண்ணில தள்ளிட்டு வந்தார். மூணு மூணு பேரா, ரெண்டு நடை. ரெண்டாவது நடையில நான் இருந்தேன். பாறையில நாங்க உட்கார்ந்திருந்த இடத்துக்குத் தண்ணி வந்துடுச்சு. கரையில காலை வச்சப்ப என் கை நடுங்கிட்டே இருந்துச்சு. அவர் எங்களைத் திட்டல. பரிசலைக் கரையில இழுத்துப் போட்டுட்டு, ஆத்தைப் பார்த்து, "வலை போச்சு"ன்னு மட்டும் சொன்னார். கொஞ்சம் தள்ளி வலை போட்டு வச்சிருந்திருக்கார். அதை எடுக்கப் போற நேரத்துலதான் எங்களை எடுக்க வந்திருக்கார்.

நாங்க பையில இருந்ததைத் திரட்டி ஒரு ஐந்நூறு ரூபா கையில கொடுத்துட்டு, காரை எடுத்துட்டுக் கிளம்பிட்டோம். அவர் பேரைக்கூட யாரும் கேட்கல. ஒரு வலை என்ன விலைன்னும் கேட்கல. அன்னைக்கு ராத்திரியே எங்க குரூப்ல ஒருத்தன் "மரண பயம் காட்டிட்டாங்க பரமா" ரேஞ்சுக்கு ஒரு வீடியோ போட்டான். நான் அதுக்கு லைக்கும் போட்டேன்.

சங்கு ஊதினாங்களா, எச்சரிக்கைப் பலகை இருந்துச்சான்னு கேட்டீங்கன்னா, எனக்குத் தெரியாது. நாங்க கேட்கிற நிலைமையிலயும் இல்ல, படிக்கிற நிலைமையிலயும் இல்ல.

ஆறு எப்ப வேணாலும் மாறும், ஏன்?

நகரத்துல வளர்ந்த நம்ம தலையில ஒரு கணக்கு இருக்கு. மழை பெஞ்சா வெள்ளம் வரும். மழை இல்லன்னா ஆறு பத்திரம். சாதாரண ஆத்துக்கே இந்தக் கணக்கு பாதிதான் சரி. மேல அணை இருக்கிற ஆத்துக்கு இது சுத்தமா ஒத்துவராது.

ஏன்னா அணைக்குக் கீழே ஆத்துல எவ்வளவு தண்ணி ஓடணும்னு முடிவு பண்றது அங்க இருக்கிற வானம் கிடையாது. மூணு விஷயம் முடிவு பண்ணும்.

முதலாவது, பாசனம். டெல்டாவுக்குத் தண்ணி தேவைப்பட்டா மேட்டூர்ல திறப்பாங்க. காலையில ஒரு அளவு இருக்கும், சாயங்காலம் அதைக் கூட்டுவாங்க.

ரெண்டாவது, மின்சாரம். நீர்மின் நிலையத்தோட பெரிய பலமே, தேவைப்பட்டா சில நிமிஷத்துல ஓட ஆரம்பிக்கும், தேவையில்லன்னா சில நிமிஷத்துல நிறுத்தலாம். அனல்மின் நிலையத்துல அப்படி முடியாது. அதனால எந்த நேரத்துல கரண்ட் தேவை திடீர்னு ஏறுதோ, அந்த நேரத்துல நீர்மின்சாரத்தைக் கூட்டுவாங்க. சாயங்காலம் சூரியன் சாயும், சோலார் உற்பத்தி இறங்கும், வீட்டுக்கு வீடு லைட்டும் ஃபேனும் ஏசியும் ஓடும். நீலகிரியில குந்தா, பைக்காரா மாதிரியான மின் நிலையங்கள் இந்த உச்சநேரத் தேவைக்குக் கைகொடுக்கிறவைதான். கவனிச்சீங்களா, அதே சாயங்கால வெளிச்சத்துலதான் நாம ரீல்ஸ் எடுக்கவும் ஆத்துல இறங்கறோம்.

மூணாவது, மேல எங்கேயோ பெய்யற மழை. ஒகேனக்கல்ல வெயில் கொளுத்தும். ஆனா குடகுல, வயநாட்டுல மழை கொட்டி, கர்நாடகாவுல கிருஷ்ணராஜ சாகரும் கபினியும் நிரம்பி அங்க திறந்துவிட்டா, அந்தத் தண்ணி ஒண்ணு ரெண்டு நாள்ல பிலிகுண்டுலு தாண்டி ஒகேனக்கல்லுக்கு வந்து நிக்கும். நம்ம தலைக்கு மேல இருக்கிற வானத்துக்கும் நம்ம காலடியில ஓடற தண்ணிக்கும் அன்னைக்கு எந்தச் சம்பந்தமும் இருக்காது.

இதோட உச்சபட்ச சோகம் 2014-ல நடந்தது. ஜூன் 8-ஆம் தேதி, இமாச்சலப் பிரதேசம் மண்டி மாவட்டம். ஹைதராபாத்ல இருந்து மணாலிக்குச் சுற்றுலா போன பொறியியல் மாணவர்கள் வழியில இறங்கி, பியாஸ் ஆத்துப் பாறைங்க மேல நின்னு போட்டோ எடுத்துட்டிருந்தாங்க. மேல லார்ஜி நீர்மின் திட்டத்தோட அணை. அங்க மின் உற்பத்தியைக் குறைக்க வேண்டியிருந்தது. டர்பைனுக்குப் போகாத தண்ணியை மதகு வழியா ஆத்துல விட்டாங்க. 24 மாணவர்கள், அவங்களோட போன சுற்றுலா ஒருங்கிணைப்பாளர் ஒருத்தர், மொத்தம் 25 பேர் போயிட்டாங்க. ஒரு நிமிஷம் முன்னாடி வரைக்கும் அது வெறும் பாறையும் ஓடைத் தண்ணியுமா இருந்த இடம்.

அந்த வழக்குல 2016-ல இமாச்சல் உயர்நீதிமன்றம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னுச்சு. மின்வாரியம், கல்லூரி, மாநில அரசு, மூணு பேரையும் பொறுப்பாக்கினாங்க. இதை ஏன் சொல்றேன்னா, "பசங்க எதுக்கு அங்க போனாங்க"ன்னு மட்டும் கேட்டுட்டு முடிச்சுக்கக் கூடாது. முறையா சங்கு ஊதணும், ஆள் விட்டுப் பார்க்கணும், வெளியூர்க்காரனுக்கும் புரியற மாதிரி பலகை வைக்கணும். இதெல்லாம் அணையை நடத்தறவங்களோட கடமை. அதைக் கேட்கிற உரிமை நமக்கு இருக்கு. ஆனா அந்தக் கடமை சரியா நடந்திருக்கும்னு நம்பி உயிரைப் பணயம் வைக்காதீங்க. இது ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முரண் கிடையாது.

கனஅடின்னா என்ன?

நம்ம வீட்டுல தாத்தாவோ அப்பாவோ பேப்பர் எடுத்ததும் முதல்ல ஒரு குட்டிப் பெட்டிச் செய்தியைப் பார்ப்பாங்க. "மேட்டூர் அணை நீர்மட்டம்." அதுல மூணு எண் இருக்கும்: நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம். நாம அதை ஸ்க்ரோல் பண்ணிக் கடந்து போயிடறோம். ஆத்துப் பக்கம் போற அன்னைக்காவது அதைப் படிக்கக் கத்துக்கணும்.

மேட்டூரோட முழு உயரம் 120 அடி. கொள்ளளவு 93.47 டிஎம்சி. நீர்மட்டம் 118, 119-ன்னு இருந்து, நீர்வரத்தும் ஏறிட்டே இருந்தா, இனி வர்ற தண்ணியைத் தேக்க அணையில இடம் இல்லைன்னு அர்த்தம். வந்தது அப்படியே வெளிய போகும்.

ஒரு கனஅடின்னா ஒரு விநாடிக்கு 28.3 லிட்டர். நம்ம 20 லிட்டர் கேன்ல கிட்டத்தட்ட ஒண்ணரை கேன். ஆயிரம் கனஅடின்னா விநாடிக்கு 28,300 லிட்டர். சென்னையில அபார்ட்மென்ட்டுக்கு வருமே 12,000 லிட்டர் தண்ணி லாரி, அதுல ரெண்டேகால் லாரிக்கு மேல, ஒவ்வொரு விநாடியும். பத்தாயிரம் கனஅடின்னா விநாடிக்கு 23, 24 லாரி. இப்ப செய்தியில "நீர் திறப்பு 10,000 கனஅடியில இருந்து 20,000 கனஅடியாக அதிகரிப்பு"ன்னு வந்தா, அது வெறும் எண்ணாத் தெரியாது, இல்லையா?

மேட்டூர்ல இன்னொரு விஷயம். வழக்கமாத் திறக்கிற தண்ணி அணை மின் நிலையம், சுரங்க மின் நிலையம் வழியா மின்சாரம் தயாரிச்சுட்டு வெளிய வரும். அதுக்கு மேல போனா உபரித் தண்ணியை 16 கண் மதகு வழியா விடுவாங்க. அந்த 16 கண் மதகுக்குக் கீழ வருஷத்துல பல மாசம் வெறும் பாறைதான். ஆடு மேயும். அதைப் பார்த்து "இது காஞ்ச இடம்"னு நினைச்சு இறங்கறது, ரயில் வராத நேரத்துல தண்டவாளம் வெறும் இரும்புன்னு நினைச்சுப் படுக்கிற மாதிரி. 2018-ல என்ன ஆச்சுன்னு நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். ஜூலையில அணை நிரம்பி, ஆகஸ்ட்ல ரெண்டு லட்சம் கனஅடிக்கு மேல வெளியேத்தினாங்க. அதே மாசம் முக்கொம்புல கொள்ளிடம் மேலணையோட மதகுகளே உடைஞ்சு போச்சு. இரும்புக்கும் கல்லுக்கும் அந்த நிலைமைன்னா, நாம எம்மாத்திரம்?

மதகை மூடும்போதும் கவனம் வேணும். தண்ணி சட்டுனு வடியும், பாறைக் குழிகள்ல மீன் மாட்டிக்கும். அதைப் பிடிக்க ஜனங்க இறங்குவாங்க, நாமளும் வேடிக்கைக்கு இறங்குவோம். மூடின மதகு திரும்பத் திறக்காதுன்னு யாரும் உத்தரவாதம் கொடுக்கல.

"எனக்கு நீச்சல் தெரியுமே!"

இந்த வார்த்தையை நானும் சொல்லியிருக்கேன். நீச்சல் குளத்துல இருபது ரவுண்டு போறவங்களுக்கும் ஆத்துல அது பெருசா உதவாது. காரணம் சொல்றேன்.

ஓடற தண்ணியோட தள்ளு, வேகத்தோட வர்க்கத்துல ஏறும். வேகம் ரெண்டு மடங்கானா தள்ளு நாலு மடங்கு. அதனால முழங்கால் அளவு தண்ணியே வேகமா வந்தா ஆளைச் சாய்ச்சிடும். பாசி பிடிச்ச பாறையில சொல்லவே வேணாம்.

அடுத்து தடுப்பணை. பார்க்க அழகா இருக்கும். ஒரு ஆள் உயரம்கூட இருக்காது, தண்ணி வெள்ளைத் துணி விரிச்ச மாதிரி வழிஞ்சு விழும். கீழே போய் நின்னுக் குளிக்கத் தோணும். ஆனா விழற தண்ணி அடியில போய்ட்டு, மேல வந்து மறுபடி அணைச் சுவரை நோக்கியே உருளும். அதுல மாட்டினவரை உள்ள இழுக்கும், மேல விடும், மறுபடி இழுக்கும். அந்த நுரைத் தண்ணில காத்து கலந்திருக்கிறதால உடம்பு சரியா மிதக்கவும் மிதக்காது. தண்ணி நிறைய வழியற தடுப்பணைக்குக் கீழே இறங்கவே இறங்காதீங்க.

அணைக்கு மேல்பக்கம், அதாவது நீர்த்தேக்கத்துல, தண்ணி அசையாம இருக்கும். அது வேற மாதிரி ஏமாத்தும். அடியில மூழ்கின மரம், பழைய சுவர், மீன் வலை. கரையில இருந்து ரெண்டு அடி வச்சா ஆழம், மூணாவது அடியில பள்ளம். தண்ணி வத்தின காலத்துல மேல காஞ்ச மாதிரி தெரியற வண்டல், உள்ள இடுப்பளவு சேறு. மதகுப் பக்கமும் மின் நிலையத்துக்குத் தண்ணி உள்ள போற பக்கமும் அடியில இருந்து இழுக்கும், மேல ஒண்ணும் தெரியாது. அங்கெல்லாம் வேலி போட்டிருக்கிறதுக்கு அதுதான் காரணம்.

தண்ணி ஏறுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? நிறம் கலங்கும். சருகு, குச்சி, நுரை மிதந்து வரும். சத்தம் கனமாகும். கொஞ்ச நேரம் முன்னாடி காஞ்சிருந்த கல்லு நனைஞ்சிருக்கும். இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் பையை எடுக்கணும், போனை எடுக்கணும்னு நிக்காதீங்க. மேட்டுக்கு ஏறுங்க. அப்புறம் பேசிக்கலாம்.

யாராவது விழுந்துட்டா?

"நண்பனைக் காப்பாற்றப் போனவரும் பலி." இந்தத் தலைப்பை எத்தனை தடவை படிச்சிருக்கோம்? பாசத்துல குதிக்கிறவங்கதான் ரெண்டாவதாப் போறாங்க. அதனால முதல் விதி, குதிக்காதீங்க. எதையாவது நீட்டுங்க, இல்ல எறியுங்க. கம்பு, கயிறு, துப்பட்டா, வேட்டி, காலியான மூடி போட்ட தண்ணி கேன்.

2020 ஆகஸ்ட்ல பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்துல நடந்ததைச் சொல்லணும். கிரிக்கெட் ஆடிட்டு வந்த இளைஞர்கள் குளிக்க இறங்கி, நாலு பேர் ஆழத்துல மாட்டிக்கிட்டாங்க. அங்க துணி துவைச்சுட்டிருந்த மூணு பெண்கள் யோசிக்கவே இல்ல, கட்டியிருந்த சேலையை அவிழ்த்து, தண்ணில வீசி, ரெண்டு பேரை இழுத்துக் கரைசேர்த்தாங்க. மத்த ரெண்டு பேரைக் காப்பாத்த முடியல. அந்த மூணு பேருக்கும் அந்த வருஷமே தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்துச்சு. ஒரு சேலை நீளம் என்ன செய்யும்ங்கறது அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. நாம காருக்குள்ள கூலர் பாக்ஸ் வைக்கிறோம், பத்து மீட்டர் கயிறு வைக்கிறதில்ல.

வெளிய எடுத்தவரைத் தலைகீழாத் தூக்கிச் சுத்தறது, வயித்தை அமுக்கித் தண்ணி எடுக்கறது, ரெண்டும் வேண்டாம். நேரம்தான் போகும். மூச்சு இல்லன்னா உடனே வாயோட வாய் வச்சு மூச்சு கொடுத்து, நெஞ்சை அழுத்தற முதலுதவியை ஆரம்பிக்கணும். இதை ஒரு நாள் பயிற்சியில கத்துக்கலாம், தயவுசெஞ்சு கத்துக்கங்க. தண்ணி குடிச்சுட்டு எழுந்து நல்லாப் பேசறவரையும் ஆஸ்பத்திரியில காட்டுங்க, சில மணி நேரம் கழிச்சுகூட மூச்சுத்திணறல் வரலாம். கூப்பிட வேண்டிய எண்கள் 112, 108, தீயணைப்புக்கு 101. மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

அது வேற ஒருத்தர் வீட்டு வாசல்

இப்ப மரியாதைக்கு வர்றேன். என்னைப் பொறுத்தவரைக்கும் பாதுகாப்பும் மரியாதையும் ரெண்டு தனி விஷயமில்ல. அன்னைக்கு அந்தப் பெரியவர் கத்தினப்ப, "இவர் நம்மகிட்ட எதையோ விக்க வர்றார்"னு நினைச்சோம் பாருங்க, அந்த நினைப்புதான் எங்களைக் கொன்னிருக்கும்.

நமக்கு அது பிக்னிக் ஸ்பாட். அங்க இருக்கிறவங்களுக்கு அது குளிக்கிற படித்துறை, துணி துவைக்கிற கல்லு, குடிக்கிற தண்ணி, பிழைப்பு. பெண்கள் குளிக்கிற படித்துறைப் பக்கம் கேமராவைத் திருப்பாதீங்க. கவிழ்த்து வச்சிருக்கிற பரிசல்ல கேட்காம ஏறி உட்காராதீங்க. காயப்போட்ட வலையை மிதிக்காதீங்க. மணல்ல பாட்டிலை உடைச்சுட்டு நாம ஷூ போட்ட காலோட கிளம்பிடுவோம். மறுநாள் காலையில அங்க வெறுங்காலோட இறங்கறவங்க வேற. ஸ்பீக்கர் வேண்டாம்னு நான் சொல்றதுக்குக் காரணம் ஊர் அமைதி மட்டுமில்ல. ஆத்துச் சத்தமும், சங்கும், கூப்பிடற குரலும் காதுல விழணும்.

அணை மேல போட்டோ எடுக்கக் கூடாது, டிரோன் விடக் கூடாதுன்னு காவலர் சொன்னா, அவர்கிட்ட சட்டம் பேசாதீங்க. அணை பாதுகாக்கப்படுற இடம். அவர் அவர் வேலையைச் செய்யறார். பவானிசாகர் மாதிரி காட்டை ஒட்டின அணைன்னா, வெயில் காலத்துல யானைங்க தண்ணிக்கு வர்ற இடம் அது. பொழுது சாயறதுக்கு முன்னாடி கிளம்பிடுங்க.

இன்னொண்ணு. மேட்டூர் அணையில தண்ணி ரொம்ப வத்தினா பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயிலோட நந்தி சிலை வெளிய தெரியும், பழைய தேவாலயத்தோட கோபுரம் தெரியும். உடனே செய்தி வரும், கூட்டம் கூடும். 1934-ல அணை திறந்து தண்ணி தேங்கினப்ப அங்க இருந்த ஊர்ஜனம் வீட்டையும் கோயிலையும் விட்டுட்டு மேட்டுக்குப் போனாங்க. டெல்டாவுல விளைஞ்ச நெல்லுக்கும் நம்ம வீட்டு பல்புக்கும் அவங்களும் விலை கொடுத்திருக்காங்க. அந்த நந்தி மேல ஏறி நின்னு போஸ் கொடுக்கும்போதும், சுவர்ல பேர் கிறுக்கும்போதும், அது யாரோ ஒருத்தரோட குலசாமி இருந்த ஊர்ங்கறது நினைவுல இருக்கட்டும். சேத்துல மாட்டாம போகவும் உள்ளூர்க்காரங்களைத்தான் கேட்கணும்.

திரும்பப் போனேன்

அந்தச் சம்பவம் நடந்து ஒரு வருஷம் கழிச்சு நான் மட்டும் அங்க போனேன். சாயந்திரம் அவர் அங்கேயே இருந்தார், பரிசலுக்குத் தார் பூசிக்கிட்டு. போய் நின்னு, "ஐயா, போன வருஷம் ஆறு பேரைக் காப்பாத்துனீங்களே, அதுல நானும் ஒருத்தன்"னேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எந்த ஆறு பேரு தம்பி?"ன்னார்.

அவருக்கு ஞாபகமில்ல. வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை இப்படி நடக்குதாம். சில தடவை எடுத்துட முடியும், சில தடவை முடியாது. முடியாம போனது எல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கு. எந்த ஊர்ப் பசங்க, என்ன சட்டைன்னு சொல்றார். நான் கொண்டுபோன பணத்தை வாங்கமாட்டேன்னார். வலைக்குன்னு சொன்னப்புறம் வாங்கிக்கிட்டார். வலை என்ன விலைன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ஐந்நூறு ரூபாய்க்குப் பக்கத்துலகூட இல்ல.

கிளம்பறதுக்கு முன்னாடி, "நாங்க என்ன பண்ணியிருக்கணும்ங்க?"ன்னு கேட்டேன். பெருசா எதுவும் சொல்லல அவர். "எறங்கறதுக்கு முன்னாடி கரையில இருக்கற ஆரையாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும் சாமி. இன்னிக்குத் தண்ணி எப்படீங்கன்னு. அதுக்கென்ன காசா பணமா?"

ஆக, இந்த ஆடிக்கு நீங்க போகும்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். கிளம்பற காலையில அணை நிலவரத்தைப் பாருங்க. வெள்ள எச்சரிக்கை, குளிக்கத் தடைன்னு செய்தி இருந்தா, ஆத்துப் படுகையை விட்டுட்டு பூங்கா, கோயில், மீன் வறுவல்னு பிளானை மாத்துங்க. அனுமதிச்ச இடத்துல மட்டும் இறங்குங்க. பரிசல், படகு ஏறினா லைஃப் ஜாக்கெட்டைப் போட்டோவுக்கு இல்லாம முழுசா மாட்டுங்க. குடிச்சிருந்தா தண்ணிப் பக்கம் போகவே போகாதீங்க. குப்பையைத் திரும்ப எடுத்துட்டு வாங்க. அங்க மீன் வறுக்கிற அக்காகிட்டயோ, பரிசல்கார அண்ணன்கிட்டயோ, "இன்னைக்குத் தண்ணி எப்படிங்க இருக்கு?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. வேணாம்னு சொன்னா, வேணாம்.

அப்படியே அவங்க பேரையும் கேட்டுடுங்க. நான் ஒரு வருஷம் லேட்டாக் கேட்டேன்.

அடுத்த வாரம் பார்க்கலாம். பத்திரமாப் போய்ட்டு வாங்க.